வெல்லத்தின் சீர் கண்ட எமில் பிஷர்

சென்ற தை விடுமுறையில் என் பழைய மாணாக்கர் ஒருவர் என்னைக் காண வந்தார். பாலபண்டித வகுப்பில் ஓராண்டு என்னிடம் பாடங் கேட்டுப் பின்னர் விஞ்ஞானத்துக்கு மாறிச் சென்றவர். இப்பொழுது இரசாயன ஆராய்ச்சியில் ஈடுபட்டிருப்பவர். அவர் ஒரு சொல் வேண்டி வந்திருந்தார். பொன்னைக் கண்ணுக்கெட்டாத நுண்மணிகளாக்கி, அம்மணிகளின்மேல் வெல்ல மூலக்கூறுகளை நெருக்கமாகப் போர்த்து, அவற்றைக்கொண்டு நோய்க்கிருமிகளைத் தேடிப் பற்றும் வித்தை ஒன்று இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வளர்ந்து வருகிறதாம். அதனைத் தமிழில் எவ்வாறு வழங்கலாம் என்பதே அவர் கேள்வி. வெல்லம் போர்த்த நுண்மணி என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். சீனி என்பது ஒரு பண்டத்தின் பெயர். வெல்லம் என்பதையோ நம் பாடநூல்கள் அவ்வினம் முழுவதற்கும் பொதுப்பெயராக ஆண்டு வருகின்றன. ஆதலின் அவ்வாறு சொன்னேன்.

சொல்லைப் பெற்றுக்கொண்டு அவர் போயிருக்கலாம், போகவில்லை. போர்ப்பது எந்த வெல்லம், அதன் வடிவம் எத்தகையது என்று விளக்கத் தொடங்கி, என் மேசைமீது கிடந்த தாளில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கீறினார். அக்கோட்டில் ஆறு காபன் அணுக்கள் ஒன்றன்கீழொன்றாக நின்றன. இருமுனைகளிலும் உள்ளவற்றை விடுத்தால் நடுவில் நான்கு. அந்நான்கும் ஒவ்வொன்றும் ஒருபுறத்தில் ஐதரசனையும் மறுபுறத்தில் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஒரு கூட்டத்தையும் தாங்கும். அக்கூட்டம் வலப்புறத்தில் இருக்கலாம், இடப்புறத்திலும் இருக்கலாம். ஓரிடத்துக்கு இரண்டு நிலை, நான்கிடத்துக்குப் பதினாறு. ஐந்து காபனுடைய வெல்லமாயின் நடுவிடம் மூன்று, வகை எட்டு. நான்கு காபனாயின் நடுவிடம் இரண்டு, வகை நான்கு.

நான் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டேன். ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு என்று முப்பது ஆண்டுகளாகக் காரிகை வகுப்பில் நான் சொல்லிவரும் கணக்கன்றோ இது! வலத்தை நேரசை என்றும் இடத்தை நிரையசை என்றும் வைத்து, அவர் கீறிய படத்தை மேலிருந்து வாசித்தேன். நேர், நிரை, நேர், நேர். கூவிளந்தண்பூ! நம் குருதியிலும் கொடிமுந்திரிப் பழத்திலும் உள்ள குளுக்கோசு ஒரு கூவிளந்தண்பூ. நாலசைச்சீர்களை மாணாக்கர் நெட்டுருச் செய்வர். செய்யுளில் அவற்றைக் காண்பதோ மிக அரிது. அவை எங்கே பயின்று வருகின்றன என்பதை அன்றுதான் கண்டேன் என்று சொன்னால் வாசகர் நகைக்கக்கூடும்.

இந்தச் சீர்களை முதன்முதல் அலகிட்டவர் யார் என்று கேட்டேன். எமில் பிஷர் என்றார். அன்றுமுதல் அவருடைய வரலாற்றைக் கிடைத்த நூல்களிலிருந்து படித்து வருகிறேன். இரசாயனம் எனக்குரிய துறையன்று. பிழை கண்டவர் பொறுத்தருள்க.

ஜேர்மனியில் கொலோன் நகருக்கு அணித்தாக ஒயிஸ்கிர்ஹன் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே 1852 ஆம் ஆண்டு ஒக்டோபர் 9 ஆம் நாள் பிஷர் பிறந்தார். தந்தையார் லோரன்ஸ் பிஷர் செல்வாக்குள்ள வணிகர். மரவாணிபமும் கம்பளிநூல் ஆலையும் உடையவர். பெண்மக்கள் ஐவருக்குப் பின் வந்த ஒரே ஆண்மகவு ஆதலின் கடையை ஏற்று நடத்தவேண்டியவர் இவரே என்பது வீட்டில் முடிந்த முடிவு. பதினேழாம் வயதில் தமக்கையின் கணவரிடத்தில் வாணிபம் பழக விடப்பட்டார். பழகியது வாணிபம் அன்று. ஒதுக்குப்புறத்தில் ஓரறையைப் பிடித்துக்கொண்டு இரசாயனப் பரிசோதனைகள் செய்ததே மிச்சம். கணக்கேடுகள் குழம்பின. வாணிபத்துக்கு இவன் உதவான், படிக்கவாவது போகட்டும் என்று தந்தையார் கைவிட்டார். மகனுடைய ஆற்றலைக் கண்டு கல்விக்கு அனுப்பிய தந்தையர் கதைகளை நாம் நிரம்பக் கேட்டிருக்கிறோம். ஆற்றலின்மையைக் கண்டு அனுப்பிய இக்கதையே எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

1871 இல் பொன் நகரத்துச் சர்வகலாசாலையிற் சேர்ந்து, கெக்கூலே என்னும் பேரறிஞரின் விரிவுரைகளைக் கேட்டார். ஆயினும் அவர் உள்ளம் பௌதிகத்தின்பாற் சென்றது. அவ்வேளையில் சிறிய தந்தை முறையினரின் மகனும் தோழருமான ஒட்டோ பிஷர் அவரைத் தடுத்துத் தம்முடன் ஸ்ராஸ்பூர்க்குக்கு அழைத்துச் சென்றார். அங்கே அடொல்வ் பேயர் ஆசிரியராயிருந்தார். 1874 இல் பிஷர் அவரிடம் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதற்கடுத்த ஆண்டிலே, தற்செயலாக, பினைலைதரசீன் என்னும் புதிய சேர்வை அவர் கைக்கு வந்தது. அவருடைய பெருமைக்கும் பெருந்துன்பத்துக்கும் வித்தாயது அதுவே.

ஆசிரியர் மியூனிக் நகருக்கு மாறியபோது மாணாக்கரும் உடன் சென்றார். பின்னர் 1882 இல் ஏர்லாங்கன், 1885 இல் வூர்ஸ்பூர்க், 1892 இல் பேர்லின் என்று பதவிகள் உயர்ந்தன. இடையில் ஒரு பெரிய சாயக் கைத்தொழில் நிறுவனம் மிக்க ஊதியத்துடன் அழைத்தது, மறுத்துவிட்டார். தந்தையார் பொருள் வசதி செய்திருந்ததால் அவ்வாறு மறுத்தல் அவருக்கு இயன்றது என்பதையும் சொல்லவேண்டும். வறியவர் மறுத்திருப்பின் அது வேறு கதை.

இனி வெல்லத்துக்கு வருவோம். அக்காலத்தில் வெல்லங்களை ஆராய்ந்தோர் எல்லோரும் ஒரே இடத்திற் சறுக்கினர். வெல்லங்கள் எளிதிற் பளிங்காகா. நம்மூரில் பதநீரைக் காய்ச்சியவர்களுக்கு இது விளங்கும். பதம் தவறினால் கட்டியும் ஆகாது, கல்லாக்காரமும் ஆகாது, பாணியாகவே நின்றுவிடும். ஒரு பாணிக்கும் மற்றொரு பாணிக்கும் வேற்றுமை காண்பது எப்படி? தூய பளிங்காகப் பிரித்தெடுத்தாலன்றி இரசாயனி ஒருவன் தன் கையிலிருப்பது இன்ன பொருளென்று துணிந்து கூற முடியாது. 1884 இல் பிஷர் தாம் கண்ட பினைலைதரசீனை வெல்லக் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கினார். அழகிய மஞ்சள்நிற ஊசிகளாகப் பளிங்கு இறங்கியது. அதற்கு ஓசசோன் என்று பெயரிட்டார். ஊசிகளின் வடிவும் உருகும் வெப்பநிலையும் அது எந்த வெல்லத்தினது என்று அடையாளங் காட்டின.

அதிலும் ஒரு புதுமை தோன்றிற்று. குளுக்கோசு, மனோசு, பிரற்றோசு என்னும் மூன்றும் ஒரே ஓசசோனைக் கொடுத்தன. பினைலைதரசீன் முதலிரண்டு காபன்களையே பற்றுகிறது; பற்றும்போது முதலசையின் வலமிடம் என்னும் வேறுபாட்டை அழித்துவிடுகிறது. எஞ்சிய மூன்றசையும் மாறாதிருக்கும். ஆகவே குளுக்கோசும் மனோசும் முதலசை ஒன்றில் மட்டுமே வேறுபடுவன. ஒன்று கூவிளந்தண்பூ, மற்றது கருவிளந்தண்பூ. பிரற்றோசுக்கோ அந்த முதலசையே இல்லை. இன்று இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்று எது எதுவென்று ஒருவருக்கும் தெரியாது. பதினாறு பெட்டிகள் இருந்தன. கையில் சில வெல்லங்கள் இருந்தன. எந்த வெல்லம் எந்தப் பெட்டிக்குரியது என்பதே வினா.

கிலியானி என்னும் அறிஞர் 1885ஐ ஒட்டி மற்றொரு வழி காட்டியிருந்தார். ஒரு வெல்லத்தின் தலையில் மேலும் ஒரு காபனை ஏற்றும் வழி அது. மூவசைச்சீரின் முன்னே ஓரசையைக் கூட்டி நாலசைச்சீர் ஆக்குவது போன்றது எனலாம். கூட்டும் அசை நேராகவும் வரலாம், நிரையாகவும் வரலாம். ஆகவே ஒரு வெல்லத்திலிருந்து இரண்டு பிறக்கும். அரபினோசு என்னும் ஐங்காபன் வெல்லத்தை இவ்வாறு உயர்த்தியபோது குளுக்கோசும் மனோசும் ஆகிய இணை கிடைத்தது. (இயற்கையில் எளிதிற் கிடைக்கும் அரபினோசு மறுபக்கத்தது, ஆதலின் கிடைத்த இணையும் கண்ணாடியில் தோன்றும் மறுபக்க இணையே. முறை ஒன்றே ஆகையால் அந்நுட்பத்தை இங்கே விடுகிறேன்.) வெல்லத்தின் இருமுனைகளையும் ஒட்சியேற்றி ஒரே தன்மையவாக்கிப் பார்த்தார். அவ்வாறு பெற்ற அமிலம் ஒளியின் தளத்தைத் திருப்புகிறதா இல்லையா என்பதைக்கொண்டு, பொருந்தாத பெட்டிகளை ஒவ்வொன்றாக விலக்கினார். ஈற்றில் இரண்டு பெட்டிகளும் இரண்டு வெல்லங்களும் எஞ்சின. கூவிளந்தண்பூ எது, கருவிளந்தண்பூ எது?

இவ்விடத்தில் அவர் செய்த தந்திரத்தைக் கேட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். முனைகள் இரண்டும் ஒரே தன்மையவான அமிலத்துக்குத் தலை எது, கால் எது? இரண்டும் ஒன்றே. ஆகவே தாளைத் தலைகீழாகத் திருப்பியும் வாசிக்கலாம். திருப்பினால் முதல் கடையாகும், வலம் இடமாகும். கருவிளந்தண்பூவைத் திருப்பி வாசித்தால் மறுபடியும் கருவிளந்தண்பூவே வரும். கூவிளந்தண்பூவைத் திருப்பினால் கருவிளந்தண்ணிழல் வரும். வாசகர் ஒரு தாளில் எழுதிப் பார்க்க. ஆகவே குளுக்கோசு கூவிளந்தண்பூவாயின், அது தரும் அமிலத்தையே தரவல்ல வேறொரு வெல்லம் உலகில் இருக்கவேண்டும். மனோசுக்கு அத்தகைய துணை இருத்தல் கூடாது. அந்த வேறொரு வெல்லத்தை ஒருவரும் கண்டதில்லை. பிஷர் குளுக்கோசின் அமிலத்தை எடுத்து, அதன் மறுமுனையைத் தலையாக்கி, அவ்வெல்லத்தைத் தாமே ஆக்கிக் காட்டினார். அதற்குப் பெயரும் இட்டார். குளுக்கோசு என்னும் சொல்லின் முதலெழுத்துக்களை அவர்கள் மொழியில் இடம் மாற்றி, கூலோசு என்றார். தலைகால் மாறிய வெல்லத்துக்கு எழுத்து மாறிய பெயர்! இலக்கணம் கற்றவர் எவரும் இதில் மகிழாதிருத்தல் அரிது. இது நடந்தது 1891 இல்.

இந்த வலமிடப் படத்தையும் அவ்வாண்டிலேதான் அவர் வகுத்தார். அதற்கு முன் இத்தாலியின் கடற்கரை ஊராகிய போர்டிகேராவில் தம் ஆசிரியர் பேயருடன் தங்கியிருந்தபோது, பல்லுக்குத்தும் ஈர்க்குகளையும் பாண் துணிக்கைகளையும் கொண்டு அணுக்களின் உருவம் செய்து பார்த்தும் இருவருக்கும் ஒன்றும் புலப்படவில்லையாம். மேசையில் நின்ற உருவத்தைத் தாளில் நசுக்கிக் கோடாக்கிய பின்னரே வழி திறந்தது.

ஒன்றை மட்டும் அவரால் அறிய முடியவில்லை. பதினாறு சீர்களில் எட்டுப் பூவில் முடியும். எட்டு நிழலில் முடியும். பூவொன்றுக்குக் கண்ணாடியில் எதிரே தோன்றும் உருவம் நிழலொன்றாகும். கூவிளந்தண்பூவுக்கு எதிருரு புளிமாநறுநிழல். இயற்கையிற் கிடைக்கும் குளுக்கோசு உண்மையிற் பூவா நிழலா? அன்றிருந்த எந்தக் கருவியாலும் எந்தத் தருக்கத்தாலும் அதனைத் தீர்க்க இயலாது. இரண்டில் ஒன்றைக் கொண்டாலன்றி மேற்செல்ல முடியாதாகையால், பூ என்றே கொள்வோம் என்று பிஷர் தீர்மானித்தார். தாம் செய்வது தீர்மானமே, கண்டுபிடிப்பு அன்று என்பதை அவர் நன்கறிவார். அறுபது ஆண்டுகள் உலகத்து இரசாயன நூல்கள் யாவும் அத்தீர்மானத்தின்மீதே எழுதப்பட்டன. 1951 இல் ஒல்லாந்து நாட்டு உத்ரெக்ட் நகரில் பைவூட் என்பவரும் உடனுழைத்தோரும் தாத்தாரிக்கமிலத்தின் உப்பொன்றை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, வலத்தையும் இடத்தையும் நேரே கண்டனர். பிஷர் கொண்டது சரியாகவே இருந்தது. பிழையாக இருந்திருப்பின் ஒவ்வொரு நூலிலும் ஒவ்வொரு படத்தையும் திருப்பிக் கீறவேண்டி வந்திருக்கும். அவரோ அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டார்.

வடிவத்தைக் கண்டதோடு நில்லாமல், 1890 இல், கிளிசரோல் முதலிய எளிய பொருள்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் குளுக்கோசையும் பிரற்றோசையும் மனோசையும் தாமே ஆக்கினார். உயிருள்ளவற்றின் உடலில் மட்டும் விளைவதென எண்ணப்பட்ட இனிப்பு குடுவையில் விளைந்தது.

1894 இல் அவர் சொன்ன உவமையொன்று இன்றுவரை வழங்குகிறது. நொதியங்கள் வெல்லச் சேர்வைகளைப் பிளக்கும்போது ஆளறிந்தே பிளக்கின்றன. மதுவத்திலிருந்து எடுத்த நொதியம் ஒருவகைச் சேர்வையைப் பிளந்து, அதனின்றும் ஓரிடத்து வலமிடம் மட்டுமே வேறுபட்ட மற்றதைத் தொடாது விடும். வாதுமையிலிருந்து எடுத்தது இதனை விட்டு அதனைப் பிளக்கும். பூட்டும் திறப்பும் போல ஒன்றுக்கொன்று பொருந்தினாலன்றித் தொழில் நடவாது என்றார் பிஷர். உவமையை அழகுக்காகவே ஆள்வோம் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். பிஷருடைய உவமையோ ஒரு துறை முழுவதையும் ஐம்பது ஆண்டுகள் நடத்திச் சென்றது. பின்வந்தோர் பூட்டும் சற்று நெகிழ்ந்து கொடுக்கும் என்று திருத்தினர். ஆயினும் அவ்வுவமையைக் கைவிட்டாரில்லை.

அவர் செய்த மற்றைத் தொண்டுகளை விரிப்பின் பெருகும். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கபீன், கொக்கோவில் உள்ள தியோபுரோமீன், உடலிற் சேரும் யூரிக்கமிலம் ஆகியவை ஒரே குடும்பத்தவை என்று நிறுவி, அக்குடும்பத்துக்குப் பியூரின் என்று பெயரிட்டு, 1895 இல் கபீனையும் 1898 இல் பியூரினையும் தொகுத்தார். காலையில் நாம் அருந்தும் தேநீரில் நம்மை எழுப்பும் பொருளைக் குடுவையில் ஆக்கியவரும் இவரே. மெரிங் என்னும் மருத்துவருடன் சேர்ந்து வெரோனல் என்னும் உறக்க மருந்தைத் தந்தவரும் இவரே. அம்மருந்து உறங்காதார் பலருக்கு உறக்கம் கொடுத்தது. அளவு மிஞ்சி உண்டோர் சிலரை எழாதபடி உறங்கவும் வைத்தது. வெல்லத்துக்கும் பியூரினுக்குமாக 1902 ஆம் ஆண்டு நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. இரசாயனத்தில் அப்பரிசை இரண்டாவதாகப் பெற்றவர் இவர். ஆசிரியர் பேயருக்கு அது 1905 இலேதான் கிடைத்தது.

அதன் பின்னர்ப் புரதத்தில் இறங்கினார். அமினோவமிலங்களைச் சங்கிலியாகக் கோத்து, பெப்தைட்டு என்னும் பெயரையும் அவற்றுக்குச் சூட்டினார். 1907 இல் பதினைந்து கிளைசீனும் மூன்று லியூசினும் ஆகப் பதினெட்டு மணி கொண்ட சங்கிலியை முடித்தார். செயற்கை உணவு வந்துவிட்டது என்று பத்திரிகைகள் ஆரவாரித்தன. அவர் அதனை விரும்பவில்லை. இத்துறையில் அவருக்குப் பிழையும் நேர்ந்தது. புரத மூலக்கூறு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நிறை உடையதாயிருத்தல் அரிது என்று கருதினார். அதனினும் பன்மடங்கு பெரிய புரதங்கள் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இவ்வளவும் படித்து வியந்துகொண்டிருந்த எனக்கு, அவர் தந்த விலையைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. பினைலைதரசீன் நஞ்சு. அது நஞ்சென்று அறியாமலே பல ஆண்டுகள் அதன் ஆவியைச் சுவாசித்தும் அதனைக் கையால் அளைந்தும் வந்தார். தோலில் சொறி படர்ந்தது, குடல் கெட்டது. இளமையிலும் பாதரசச் சேர்வையொன்றால் நஞ்சூட்டப்பட்டவர் அவர். நோய் மிகுந்து ஓராண்டு விடுமுறையெடுத்ததும், சூரிச் நகரப் பேராசிரியர் பதவியை மறுத்ததும் உண்டு. பேர்லினில் 1900 இல் தமக்கென எழுந்த புதிய ஆய்வுகூடத்தில் காற்றோட்டத்தைப் பற்றியே அவர் பெரிதும் கவலையெடுத்தார் என்பதன் காரணம் இதனால் விளங்கும். மாணாக்கராவது நல்ல காற்றைச் சுவாசிக்கட்டும் என்று எண்ணியிருப்பார்.

1888 இல் அக்னஸ் என்பவரை மணந்தார். ஏழே ஆண்டில் மனைவியார் மூன்று ஆண்மக்களை விட்டு இறந்தார். பிஷர் மறுமணஞ் செய்துகொள்ளவில்லை.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்டுவது என் நோக்கமன்று. 1907 இல் லீஸ் மைட்னர் என்னும் பெண்மணி வியன்னாவிலிருந்து பேர்லினுக்கு வந்து, ஒட்டோ ஹானுடன் கதிர்வீசும் பொருள்களை ஆராய விரும்பினார். பிஷருடைய நிலையத்தில் பெண்களுக்கு இடமில்லை. ஈற்றில், நிலக்கீழ்த் தளத்தில் இருந்த பழைய தச்சுப் பட்டறையில் வேலை செய்யலாம், மேல்மாடி ஆய்வுகூடங்களுக்கு வரலாகாது என்னும் நிபந்தனையுடன் இடம் தந்தார். 1908 இல் பிரசிய அரசு பெண்களைச் சர்வகலாசாலையில் அனுமதித்தபின் அத்தடையை நீக்கி, அவ்வம்மையாருக்கு ஆதரவும் அளித்தார். திருந்தினார் என்பது உண்மை. சட்டம் திருந்தும்வரை காத்திருந்தார் என்பதும் உண்மை. பெண்கள் நிறைந்த வகுப்பில் நாள்தோறும் பாடஞ் சொல்பவன் நான்; இதனைப் படித்தபோது அவ்வகுப்பை நினைக்காமலிருக்க முடியவில்லை.

1914 இல் போர் மூண்டதும், ஜேர்மனியின் செயல்களை நியாயப்படுத்தி அந்நாட்டு அறிஞர் தொண்ணூற்று மூவர் வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டார். பின்னர் அதற்காக வருந்தினார். போர்க்காலத்தில் உணவுக்கும் மூலப்பொருள்களுக்கும் இரசாயன வழி தேடும் குழுக்களில் ஓயாது உழைத்தார். அப்போரே அவர் வீட்டையும் அழித்தது. மைந்தர் மூவருள் ஒருவர் போர்ப்பணியில் உயிர் நீத்தார். மற்றொருவர் கட்டாய இராணுவப் பயிற்சியால் மனமுடைந்து, இருபத்தைந்தாம் வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கையெழுத்திட்ட விரல்களே அம்மக்களுக்குக் கொள்ளியும் வைத்தன என்று எழுதலாம். எழுத மனம் வரவில்லை. அக்காலத்தில் அவர் எழுதிய சுயசரிதை அவர் மறைந்தபின் 1922 இல் வெளிவந்தது. நாடு தோற்று, மக்கள் இருவரை இழந்து, குடலில் புற்றுநோய் கண்ட நிலையில், 1919 ஆம் ஆண்டு யூலை 15 ஆம் நாள் பேர்லினில் காலமானார். தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டார் என்று எழுதுவோர் பலர்.

அவரிடம் பயின்றோர் வரிசை நெடிது. ஒட்டோ வார்பூர்க் 1931 இலும் ஒட்டோ டீல்ஸ் 1950 இலும் நோபல் பரிசு பெற்றனர்.

என் மாணாக்கர் கேட்ட நுண்மணிக்கு மீள்வோம். நம் உடலின் ஒவ்வொரு கலமும் வெளிப்புறத்தில் வெல்லச் சங்கிலிகளாலான ஒரு போர்வையை உடுத்திருக்கிறது. கிருமி வந்து பற்றுவது பெரும்பாலும் அப்போர்வையையே. குடலிலும் சிறுநீர்ப்பாதையிலும் நோய் செய்யும் ஒருவகைப் பற்றீரியா தன் உடலில் மயிர்போன்ற தும்புகளை உடையது. அத்தும்பின் நுனி மனோசைக் கண்டால் பற்றிக்கொள்ளும். கருவிளந்தண்பூவே அதன் பூட்டுக்குத் திறப்பு. தனி மனோசு ஒன்றை நீட்டினால் பிடி தளர்வு. ஆயின் கலத்தின் மேற்பரப்பில் இருப்பதுபோல நூற்றுக்கணக்கில் நெருங்கி நின்றால் பிடி இறுகும். மில்லிமீற்றரின் பத்துலட்சத்திலொரு பங்கு ஒரு நனோமீற்றர். அத்தகைய சில நனோமீற்றர் குறுக்களவுடைய பொன்மணியின்மேல் வெல்லத்தைப் போர்ப்பதன் நோக்கம் அந்நெருக்கத்தை உண்டாக்குவதே. ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் 2001 இல் இத்தகைய வெல்லப் பொன்மணிகள் ஆக்கப்பட்டன. மனோசு போர்த்த பொன்மணிகள் அப்பற்றீரியாவின் தும்புகளைப் பற்றி நிற்பதை 2002 இல் தாய்வானில் காட்டினர்.

பிஷரின் மைந்தருள் எஞ்சியவர் ஹேர்மன். தந்தை வழியிலேயே இரசாயனியாகி, 1932 இல் பேர்லினை நீங்கிச் சுவிற்சர்லாந்தின் பாசல் நகருக்கும், பின்னர்க் கனடாவுக்கும், ஈற்றில் அமெரிக்காவின் பேர்க்கிலிக்கும் சென்று, 1960 இல் மறைந்தார். பிஷரின் கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் இன்று பேர்க்கிலிச் சர்வகலாசாலை நூலகத்திலேயே உள்ளன. ஹேர்மன் தம் துணைவர் பேயர் என்பவரோடு (இவர் தந்தையின் ஆசிரியரான பேயர் அல்லர்) நெடுங்காலம் ஆராய்ந்தது வெல்லங்களுள் மிகச் சிறியதாகிய கிளிசரல்டிகைட்டு. அதில் வலமிடம் மாறும் காபன் ஒன்றே. ஆகவே வகையும் இரண்டே. மற்றெல்லா வெல்லங்களுக்கும் பூ, நிழல் என்று பிரித்து முத்திரையிடுவது இதனை அளவுகோலாகக் கொண்டே. அவ்விரண்டையும் தனித்தனியே தூய்மையாகப் பெறும் வழியை அவர்கள் வகுத்தனர். பூவின் பக்கத்ததைப் பெற எடுத்துக்கொண்ட மூலப்பொருள் மனிற்றோல்; தந்தையார் மனோசைப் பெறுவதற்கு எடுத்துக்கொண்ட அதே பொருள்.

இதனையும் என் மாணாக்கரே சொன்னார். ஓரசைச்சீருக்கு நாள், மலர் என்று இரண்டு வாய்பாடு உண்டு என்று அவருக்கு நினைவூட்டினேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். மாலை வண்டிக்கு நேரமாகியிருந்தது.